பழைய வார்டில் கண்ட ரத்தம்

எங்கள் பக்கத்து கிளினிக்கில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இப்போது ஒரு சின்னக் குழாய் கொடுக்கிறார்கள். அதன் மூடியிலேயே ஒரு குச்சி இருக்கும். மலத்தை நாலைந்து இடத்தில் அந்தக் குச்சியால் தொட்டு, மூடிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருந்தாலும் அதில் தெரிந்துவிடுமாம். வாங்கிக்கொண்டு போகிற நம் ஆட்கள் பலர் திரும்பக் கொண்டுவருவதில்லை என்று அங்கே இருக்கிற நர்ஸ் பிள்ளை குறைப்பட்டது.

“ஆன்ட்டி, நீங்க தோட்டத்து ஆஸ்பத்திரியில வேல செஞ்சவங்கதானே? நீங்க பேசுங்கலா, கேப்பாங்க.”

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத்தும் பெரிதாக வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் புக்கிட் பெலிம்பிங் தாண்டி உள்ளே போகவேண்டும். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. முதுகுவலியால் என்னால் பால்மரம் வெட்ட முடியாமல் போனபோது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கொடுத்தார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. இரண்டு மாதம் பழைய ஆயாவின் பின்னால் திரிந்தேன். படிப்பு அவ்வளவுதான். பெட்பேன் எடுப்பது, கழுவுவது, துணி அவிப்பது, பெண் நோயாளிகளுக்குத் துணை நிற்பது. எட்டுக் கட்டில்.

மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை கிள்ளான் பட்டணத்திலிருந்து டாக்டர் வருவார். மற்ற நாளெல்லாம், மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிற டிரசர் கனகசபை ஐயாதான் எங்களுக்கு டாக்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பா அதே தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. குரல் உயராது. யாரையும் தொடுவதற்கு முன் தன் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ரத்தம் போகிறது என்று யார் வந்தாலும், போனதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். நான் பெட்பேனைத் துணியால் மூடிப் பின்புற வராந்தா பெஞ்சில் வைப்பேன். அங்கே வெயில் நன்றாக விழும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணியைத் தூக்குவார்.

“இஞ்சை வா பிள்ளை. என்ன நிறம்?”

முதல் நாள் எனக்குத் தலை நிமிரவில்லை. ஆம்பிளையிடம் இதையெல்லாம் வாயால் எப்படிச் சொல்வது?

“வெக்கப்படாதை. வெக்கத்துக்கு மருந்து இல்லை, இதுக்கு இருக்கு. சொல்லு.”

“செவப்புங்க ஐயா.”

“செவப்பிலை எத்தினை செவப்பு இருக்கு!”

அப்படித்தான் கற்றேன். மேலே மட்டும் பூசினதுபோல, கடைசியில் சொட்டுச் சொட்டாகப் பளிச்சென்று விழுந்தால் பெரும்பாலும் மூலம். பளிச்சென்று கொஞ்சமாக, கூடவே கண்ணாடி கிழித்ததுபோல வலி இருந்தால் வெடிப்பு. சளியும் ரத்தமுமாக, வயிறு முறுக்கிக் காய்ச்சலோடு வந்தால் சீதபேதி. அந்தக் காலத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் மழை பிடித்தால் அது வரும். தார் மாதிரிக் கறுத்து, ஒட்டி, ஒரு மாதிரி நாற்றமடித்தால் மேலே இரைப்பையில் புண். வெறும் வயிற்றில் சம்சுச் சாராயம் குடித்து, தலைவலித் தூளை அள்ளிப் போடுகிற ஆட்களுக்கு அப்படிப் போகும். ரத்தசோகை மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அது வேறு. கருஞ்சிவப்பாகச் சளியோடு கலந்து வந்து, வயசும் ஆகி, ஆளும் இளைத்து, போகிற பழக்கமும் மாறியிருந்தால் ஐயா துணியை உடனே மூடமாட்டார். கொஞ்ச நேரம் நிற்பார்.

“நிறத்தை வைச்சு எங்கையிருந்து வருது எண்டு ஊகிக்கலாம். அவ்வளவுதான். ரத்தத்தைக் கண்டவுடனை மூலம் எண்டு ஒயின்மென்ட் குடுத்து அனுப்புறவன் டிரசர் இல்லை, கடைக்காரன்” என்பார்.

அதனால் விரல் விட்டுப் பார்ப்பார். ரப்பர் கையுறையைக் கொதிக்க வைத்து, உலர்த்தி, பவுடர் தட்டி வைப்பது என் வேலை. நோயாளி இடது பக்கமாகப் படுத்து, முழங்காலை நெஞ்சுவரை மடக்கி, சுவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்காலை நான் பிடித்துக்கொள்வேன். விரலில் வாசலின் தடவிக்கொண்டு ஐயா கேட்பார்: “வீட்டிலை எத்தினை கோழி?” அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். கையுறையின் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். ஒன்றும் தட்டுப்படாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுவார். விரல் எட்டாத இடம் நிறைய இருக்கிறது, உள்ளே விட்டுப் பார்க்கிற குழாய் அங்கேதான் இருக்கிறது என்பார்.

சிரித்த நாளும் உண்டு. ஒரு நாள் கருப்பையா மண்டோர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில் நூறு பேரை அதட்டுகிற ஆள், குழந்தை மாதிரி அழுதார்.

“டிரசரையா, கொடலே அறுந்து போச்சுங்க. வாளி பூரா ரத்தம். மவளுக்குக் கல்யாணம் வேற பேசியாச்சு...”

ஐயா பெட்பேனைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். “நேத்து என்ன சாப்பாடு?”

“வீட்டுல பீட்ரூட் பொரியலுங்க. நல்லா இருந்திச்சுன்னு ரெண்டு மூணு தடவ...”

“மகளின்ரை கல்யாணத்துக்கு எனக்கும் கார்டு குடும். போம்.”

அன்றிலிருந்து அவர் பீட்ரூட் மண்டோர். திட்டு வாங்கினவர்கள் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்லிச் சிரிப்பார்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிப் பழைய வார்டு ஒன்று இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. பல வருஷமாக மூடிக் கிடந்தது. உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்தார்கள். ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபிறகு, மட்டைகள் வளர்ந்து கூரையின் மேலேயே சாய்ந்துவிட்டன. பட்டப்பகலிலும் அங்கே சாயங்காலம் மாதிரி இருக்கும். அதன் கோடியில் ஒரு கக்கூஸ். ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அந்த இடத்தைக் கூட்டிவிட்டு வருவது என் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை உச்சி வேளைக்குப் போனேன். வெட்டுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. ஒரு காக்காய்ச் சத்தம்கூட இல்லை. கக்கூஸ் கதவு வெளியே கொக்கி போட்டிருந்தது. எடுத்துத் திறந்தேன். வெள்ளைப் பீங்கானில் ரத்தம். சிமெண்டில் நாலு சொட்டு. கதவை நோக்கி வந்து, வாசற்படியில் நின்றுபோயிருந்தது. புது ரத்தம்.

அன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டே நோயாளிகள். இரண்டு பேரும் எழுந்து நடக்க முடியாதவர்கள்.

சமையல் செய்கிற அஞ்சலை அக்காவிடம் ஓடினேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என் வாயைப் பொத்தினாள்.

“கத்தாதடி பாரு. அது அவதான்.”

“யாருக்கா?”

“ஜப்பான்காரன் காலத்துல அந்த வார்டுல ஒருத்தி புள்ள பெத்து, ரத்தம் நிக்காமச் செத்தா. அவளுக்கு இன்னும் நிக்கல. கண்டத வாயால சொன்னா ஒம் பின்னாடியே வந்துருவா. மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவு. சூடம் ஏத்திக் கும்பிட்டுட்டு வந்துரு. அவ்வளோதான்.”

நானும் அப்படியே செய்தேன்.

அடுத்த வெள்ளி ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வெள்ளி இருந்தது. பிறகு அநேகமாக எல்லா வெள்ளியும். ஒரு தடவை மஞ்சள் தண்ணீர் ஊற்றின ஈரம் காய்வதற்குள் இன்னும் இரண்டு சொட்டு இருந்தது போலத் தோன்றியது. முன்பே இருந்ததை நான் கவனிக்காமல் விட்டேனா, தெரியாது. லயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. டிரசர் ஐயாவிடமும் சொல்லவில்லை. அவர் பேயை நம்பாதவர், சிரிப்பார் என்று நினைத்தேன்.

யோசித்துப் பாருங்கள். கண்ணில் படுகிற ரத்தத்தையெல்லாம் மூடிக் கொண்டுபோய் வெயிலில் வைத்துக் காட்டுகிற வேலை எனக்கு. இந்த ரத்தத்தை மட்டும் நான் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கழுவினேன். அதற்கு உடம்பு ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. இப்படி மூன்று மாதம்.

பிறகு ஒரு நாள் கதவுக்குக் கை நீட்டினபோது கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே முக்குகிற சத்தம். பிள்ளை பெறுகிறவள் பல்லைக் கடித்துக்கொண்டு முக்குவாளே, அது போல. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிப் போய் அஞ்சலை அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வந்து பார்த்தால் கொக்கி மாட்டியிருந்தது. திறந்தோம். யாரும் இல்லை. மூலையில் இருந்த வாளியில் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அஞ்சலை அக்கா முந்தானையிலிருந்து சூடத்தை எடுத்துச் சிமெண்டில் வைத்துக் கொளுத்தினாள். “தாயே, எங்கள விட்டுரு தாயே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த வெளிச்சத்தில்தான் முதல்முறையாகப் பீங்கானை நன்றாகப் பார்த்தேன். பாதி கழுவியும் கழுவாமலும் கிடந்தது. கருஞ்சிவப்பு. கூடவே சளி. ரிப்பன் மாதிரி மெலிந்த மலம், ரத்தம் அதன் மேலே இல்லை, உள்ளேயே கலந்திருந்தது.

“அக்கா, செத்தவளுக்குச் சளி போவுமா?”

“ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?”

“இது உசுரோட இருக்கிற ஆளுக்கா.”

அவள் என்னைப் பார்த்த பார்வை பேயைப் பார்த்ததைவிட மோசமாக இருந்தது. விறுவிறுவென்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் போய்த் தட்டும் மரக்குச்சியும் எடுத்து வந்தேன். கொஞ்சம் எடுத்து, துணியால் மூடி, வராந்தா பெஞ்சில் வைத்துக் காத்திருந்தேன். ஒரு மணிக்கு ஐயா சாப்பிட்டு வந்தார். நெற்றியில் வேர்வை. சட்டை தோளில் தொங்கியது. அவர் இளைத்திருப்பதை நான் அப்போதும் கவனிக்கவில்லை. தட்டின் மேலேயே என் கண் இருந்தது.

அவர் துணியைத் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்றது.

“ஆற்றை?” என்று கேட்டார். யாருடையது என்று.

“தெரியலைங்க ஐயா. பழைய வார்டுல இருந்திச்சு. யாரோ ஒளிஞ்சு வந்து போறாங்க. ஐயா சொல்லுவீங்களே, அந்த மாதிரி இருக்குங்க. ஆளக் கண்டுபிடிக்கணுங்க.”

ஐயா நிறம் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, சீட்டில் எழுதச் சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார்.

“ஆம்பிளை. ஐம்பத்துமூண்டு வயசு. எட்டு மாசமாப் போகுது.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும்தான் தோளில் தொங்கின சட்டையைக் கவனித்தேன். மூன்று மாதம் பேய்க்குப் பயந்ததைவிட அது பயமாக இருந்தது.

“மூலம்தான் பிள்ளை” என்றார். “கனகாலம் நிண்டு வேலை செய்யிறவன். ஒயின்மென்ட் போடுறன். மாறிடும். வீட்டிலை மனுசி கண்டால் பயந்துபோவா எண்டுதான் அங்கை போறனான். நீ ஒருத்தருக்கும் சொல்லாதை.”

நான் சரிங்க ஐயா என்று சொல்லி உள்ளே போயிருக்க வேண்டும். அதுதான் என் சுபாவம். எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை.

“வெரல் விட்டுப் பாத்தாங்களா ஐயா?”

அவர் முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நோயாளிகள் உட்காருகிற இடம் அது.

“ஆர் பாக்கிறது? வாற டாக்டருக்கு இருபத்தெட்டு வயசு. ஊசி எங்கை போடுறது எண்டே நான்தான் சொல்லிக் குடுத்தனான். அவருக்கு முன்னாலை நான்...” முடிக்கவில்லை. கொஞ்சம் கழித்து, “தன்னைத் தான் பாக்க ஏலாது பிள்ளை” என்றார்.

“வியாழக்கிழம டாக்டர் வர்றாருங்க. நான் கையுறைய அவிச்சு வைக்கிறேன்.”

ஐயா பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வந்தார். வியாழக்கிழமை எல்லா நோயாளிகளும் போனபின், அவராகவே கதவைச் சாத்தினார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். இடது பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். நான் முழங்காலைப் பிடித்தேன். எலும்பு.

டாக்டருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஐயாவின் கழுத்து விறைத்தது.

“வீட்டுல எத்தன கோழிங்க ஐயா?” என்று நான் கேட்டேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். “கோழி இல்லை பிள்ளை. ரெண்டு வாத்து.”

டாக்டர் விரலை எடுத்தார். கையுறையை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். ஜன்னலை விட்டு இந்தப் பக்கம் திரும்பவில்லை.

“எத்தினை அங்குலத்திலை தட்டுப்படுது?” என்று ஐயா சுவரிடம் கேட்டார்.

டாக்டர் சொன்னார். ஐயா எழுந்து, சட்டையைப் போட்டு, பித்தானையெல்லாம் மாட்டிக்கொண்டு, தன் பெயருக்குத் தானே கிள்ளானுக்குச் சீட்டு எழுதினார். டாக்டர் கையெழுத்து மட்டும் போட்டார்.

அறுவை செய்தார்கள். வயிற்றில் பை வைத்தார்கள். ஈரலுக்கும் பரவிவிட்டது என்று சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். அவர் மனைவி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்.

“எப்ப முதல் கண்டனீ?” என்று ஐயா கேட்டார்.

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். “மூணு மாசம் முன்னாடிங்க ஐயா. அந்தச் செத்துப்போன பொம்பளன்னு நெனச்சுட்டேன். மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவிட்டேன்.” அழுகை வந்துவிட்டது.

அவர் கொஞ்சம் சிரித்தார். சிரித்தால் வயிறு வலித்தது போல. “நீ மூண்டு மாசம். நான் எட்டு மாசம். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.” பிறகு சொன்னார்: “லயத்திலை பேய் எண்டு கதைப்பினம். கதைக்க விடாதை. அது என்ரை ரத்தம் எண்டு சொல்லு. பேரைச் சொல்லியே சொல்லு.”

அவர் சொன்னது சரி. நான் திரும்புவதற்குள் லயம் முழுக்க அந்தக் கதைதான். பழைய வார்டுக்காரி டிரசரை அடித்துவிட்டாள் என்று. சூலாயுதம் நடவேண்டும், ஆடு வெட்டவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கூடியிருந்தபோது நான் வாளியைக் கீழே வைத்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னேன். பேய் இல்லை. அது டிரசர் ஐயாவுடைய ரத்தம். குடலில் கட்டி. எட்டு மாதம் மறைத்தார், மூன்று மாதம் நான் கழுவினேன். உங்கள் வீட்டில் யாருக்காவது போனால் மறைக்காதீர்கள். அவ்வளவுதான் பேச முடிந்தது. குழாய் மட்டும் ஓடியது.

மத்தியானம் அஞ்சலை அக்கா சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

“பாரு. எனக்கும் போவுதுடி. ஒரு வருசமா.”

அவள்தான் என் வாயைப் பொத்தினவள். தனக்குப் போவது அந்தச் செத்தவள் தன்னைப் பிடித்திருப்பதால் என்று நினைத்து, ஒரு வருஷமாக அவளுக்குச் சூடம் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல்.

மாற்றலில் வந்த புது டிரசர் பார்த்தார். கிள்ளானுக்குச் சீட்டு எழுதினார். அங்கே குழாய் விட்டும் பார்த்தார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு திறந்தது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வந்தாள். அழுகிறாள் என்று எழுந்தேன்.

“மூலமாம்டி. வெறும் மூலமாம்.”

திரும்பும் பஸ்ஸில் கச்சான் கடலை வாங்கித் தின்றுகொண்டு, ஒரு வருஷமாகக் கொளுத்தின சூடத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாரத்தில்தான் ஐயாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஜெராம் ஊரைத் தாண்டினபிறகு அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னலில் செம்பனை ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“அந்த வார்டுல ஒருத்தி நெசமாவே செத்தாடி. எங்க சின்னம்மா. புள்ள பெத்தப்புறம் ரெண்டு நாளா ரத்தம் போயிருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டு, துணியப் போட்டு மூடி, மேல படுத்துக்கிட்டே கெடந்திச்சாம். போர்வையத் தூக்கி யாரும் பாக்கல.”